நாலு விரல் நுழையும் காது

பூவாயிக்கு விடிந்தால் டீ வேண்டும். அதைத் தன் கையால் எடுத்துக் குடிக்க வேண்டும். இன்னொருத்தர் ஊட்டிவிட்டால் அது மருந்து, டீ இல்லை என்பாள். முப்பது வருஷம் ஈர மண்ணில் கிடந்த பொம்பிளை புருஷனிடம் கேட்டது இவ்வளவுதான். அதைக் கொடுக்க மாயவன் பட்ட பாடும், கொடுத்ததைத் தானே கெடுத்துக்கொண்டதும்தான் இந்தக் கதை.

மாயவன் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் அச்சுக்காரர். ஐம்பத்தெட்டு வயசு. பிளாஸ்டரில் அச்சு செய்து, அதற்குள் களிக்குழம்பை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடித்துவிடும். ஓரத்தில் மண் தோலாக நிற்கும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே கப்பு, பொம்மை, விளக்கு, எது வேண்டுமோ அது. ஒரு அச்சு எண்பது தடவை தாங்கும், மிஞ்சினால் நூறு. அப்புறம் முனை மழுங்கிப் பின்சுவர் குப்பையில்தான் கிடக்கும். புது அச்சு எடுக்கத் தாய் அச்சு என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதில் கத்தி படக்கூடாது. மாற்றம் எது செய்வதானாலும் தாயிலிருந்து ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத்தான் வெட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காக மாயவனிடம் திட்டு வாங்காத ஆள் பேட்டையில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்னாலேயே யோசித்துப் பெரிதாகச் செய்ய வேண்டும். மாயவன் கணக்கு தப்பியதே இல்லை. "மண்ணு சுருங்கிப் போச்சுன்னு எவன் சொல்றானோ அவன் அச்சுக்காரனே இல்ல. போயி மாடு மேய்க்கச் சொல்லு" என்பார்.

பூவாயி அதே கம்பெனியில் ஃபினிஷிங். அச்சிலிருந்து வரும் பச்சைக் கப்பில் ஒட்டுக் கோடு ஒன்று ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த இடமே தெரியாமல் ஆக்குவது அவள் வேலை. ஒரு நாளைக்கு நானூறு துடைப்பாள், வாயும் ஓயாது. மாயவன் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை அவள் பல் விளக்கி முடிப்பதற்குள் பேசிவிடுவாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. பிறகு கணுக்கணுவாக வீங்கின. முடக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். வலி ஏறும், இறங்கும். விரல்கள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயின. வேலை நின்றது. மகள் ஜெயஸ்ரீயைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். சோறு ஆக்குவதும் துணி துவைப்பதும் மாயவன் பாடாயிற்று.

ஒரு தை மாதக் காலையில் எவர்சில்வர் டம்ளர் அவள் கையிலிருந்து வழுக்கியது. கொதிக்கக் கொதிக்க டீ அத்தனையும் தொடையில். தோல் உரிந்து இருபது நாள் படுத்திருந்தாள். அதன் பிறகு மாயவன் ஆற வைத்து ஸ்பூனில் கொடுத்தார். மூன்று நாள் குடித்தாள். நாலாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு டீ ஒத்துக்கல. வயித்தப் புரட்டுது. நிறுத்திட்டேன்."

பொய். அவருக்கும் தெரியும். அவளை உட்கார வைத்துக்கொண்டு தான் மட்டும் குடிக்க மனசு வராமல் ஜங்ஷன் பக்கம் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

"வாயில டீ வாசம் வருது. கடைக்கா போனீங்க?"

"ம்."

"நல்லா இருந்துதா?"

மாயவன் சட்டையை மாட்டிக்கொண்டு பேட்டைக்குக் கிளம்பினார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் களிமண்ணை எடுத்து உட்கார்ந்தார்.

முதலில் செய்தது ஒரு பெரிய வேலை. இரண்டு பக்கமும் காது. சிந்தாமல் இருக்க மூடி. வாயில் ஊற்றிக்கொள்ள மூக்கு. தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கியிருந்தார். சூளையிலிருந்து எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது.

பூவாயி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "என்னாங்க இது, பழமலைநாதருக்கு அபிஷேகம் பண்ணப் போறீங்களா?"

"குடிச்சுப் பாரு."

"எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கறது?"

மூடி மடியில் விழுந்தது. மூக்கு வழியாக டீ குபுக்கென்று வந்து புரையேறியது. மூடியை எடுத்துவிட்டு இன்னொன்று செய்தார். பிறகு மூக்கையும் எடுத்தார். இரண்டு காது இருந்தால் இரண்டு முழங்கையும் சேர்ந்து ஏற வேண்டும், அவளுக்கு ஏறவில்லை. ஒரு காதும் போயிற்று. ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க மாயவனுக்குள் எதுவோ இறங்கியது. இத்தனை வருஷ வேலைக்காரன் கடைசியில் வெறும் கப்பைக் கொண்டுபோய் நீட்டுவதா என்றிருந்தது.

ஒரு நாள் வெறுத்துப்போய் ஈர மண்ணை உருட்டி அவள் கையில் வைத்தார். "ந்தா, புடி."

"எதுக்கு?"

"புடின்னா புடி புள்ள."

அவள் பிடித்தாள். மண்ணில் விழுந்த பள்ளத்தை வெகுநேரம் பார்த்தபோதுதான் அவருக்கு விளங்கியது. அவள் எதையும் பிடிப்பதில்லை. பிடிக்க விரல் மடங்காது. பாதி மடங்கிய நாலு விரலையும் கொக்கி மாதிரி மாட்டுகிறாள். அப்படியானால் கப்புக்கு வேண்டியது பிடி இல்லை, நாலு விரலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற பெரிய காது.

அப்படியே செய்தார். அடி அகலம், சுவர் மெலிசு, தூக்கினால் கனம் தெரியாது. காது மட்டும் கப்பின் உயரத்துக்கு. விரலை உள்ளே விட்டுக் கையை உயர்த்தினால் கப்பு தானாகத் தொங்கிக்கொண்டு கூடவே வரும். பூ இல்லை, கோடு இல்லை. வெள்ளை.

பூவாயி விரலை நுழைத்தாள். தூக்கினாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்தாள்.

"சக்கர கம்மி."

மாயவன் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

ஆஸ்பத்திரியில் பூவாயிக்குக் கை பயிற்சி சொல்லிக் கொடுக்கும் அன்பரசி என்கிற பெண் அந்தக் கப்பைப் பார்த்தாள். இன்னும் நாலு வேண்டும் என்றாள். நாலு இருபதாயிற்று, இருபது நூறைத் தாண்டியது. கை நடுங்குகிறவர்கள், வாதத்தில் விழுந்து எழுந்தவர்கள், யார் யாரோ வந்து கேட்டார்கள். பூவாயி கப்பு என்றே பேராகிவிட்டது. "நான் செத்தா சாமிப் படத்துக்குப் பக்கத்துல கப்புக்கும் ஒரு மாலையப் போடுங்க" என்று அவள் சிரிப்பாள். காலையில் குடித்து முடித்த பிறகும் வெறும் கப்பை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கதை பேசுவாள்.

கம்பெனி முதலாளி ராஜ்மோகன். அப்பா காலத்துக் கம்பெனியை எடுத்து நடத்துகிற பையன். கெட்டவன் இல்லை. ஒரு நாள் மாயவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான்.

"மாயவண்ணே, சென்னையில கண்காட்சி. இந்தக் கப்பதான் முன்னால வெக்கப்போறேன். ஆனா பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லயேண்ணே. வர்றவன் இதுல என்னா ஸ்பெஷலும்பான். நான் என்னா சொல்றது?"

"குடிக்கலாம்னு சொல்லுங்க."

"எல்லாக் கப்புலயும்தான் குடிக்கலாம்!" ராஜ்மோகன் சிரித்தான். "ஒரு மூடி போடுவோம். ஒரு மூக்கு. காதுல ஸ்பூன் செருக ஒரு ஓட்ட. கட்ட வெரல் வெக்க ஒரு மேடு. சுத்தி நீலப் பூ. அடியில உங்க பேரையே பொறிச்சிடுவோம். மாயவன், விருத்தாசலம்னு."

மூடியும் மூக்கும் ஆகாது என்று மாயவனுக்குத் தெரியாதா? தெரியும். பூவாயி மடியில் மூடி விழுந்ததைப் பார்த்த ஆள்தானே. ஆனால் அவர் ஊற்றிய அச்சில் லட்சக்கணக்கில் பொருள் வெளியே போயிருக்கிறது, எதன் அடியிலும் அவர் பேர் இருந்ததில்லை. கழித்துக் கழித்துப் போட்ட வித்தையெல்லாம் திரும்பி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

கண்காட்சிக்குப் பத்தே நாள். தாய் அச்சிலிருந்து பிரதி எடுத்தால் அது காயவே ஐந்து நாள் ஆகும். மாயவன் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு தாய் அச்சிலேயே கத்தியை வைத்தார். வாயோரத்தில் மூடி உட்காரப் பள்ளம் வெட்டினார். காதைக் குறுக்கி மேடு வைத்தார். யாரும் பார்க்கவில்லை.

புதுக் கப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். "அப்ப பழசு?" என்று கேட்டாள் பூவாயி.

"வூட்ல ஒண்ணு இருக்குதே. ஒனக்கு எத்தினி வேணும்?"

"எனக்கு ஒண்ணு போதும்ங்க. கேக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்குப் புதுசு."

அவள் புதுக் கப்பை வாங்கிப் பார்த்தாள். அடியில் இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பேரு நல்லா விழுந்திருக்குது" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பூவாயி ஒன்றும் சொல்லாமல் விடுவது ரொம்ப அபூர்வம். மாயவன் அதைக் கவனித்திருக்கலாம்.

கண்காட்சியில் புதுக் கப்பு நன்றாகப் போயிற்று. ராஜ்மோகன் கையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ ஆபீசில் மாட்டப்பட்டது. இரண்டு மாதம் கழித்து வேப்பூரில் ஹைவே ஓரம் ஓட்டல் வைத்திருக்கும் பிரபாகரன் என்பவர் பஸ் ஏறி வந்தார். பையிலிருந்து கப்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எங்கம்மாவுக்கு வாங்குனதுங்க. மூடியத் தொறக்க ஒரு ஆளு வேணும். மூக்குக்குள்ள பால் ஏடு அடைச்சா குச்சி வுட்டுக் குத்த ஒரு ஆளு வேணும். ஆளு இருந்தா நானே ஊட்டிட மாட்டனாங்க? பக்கத்து வூட்ல ஒரு அம்மா வெள்ளக் கப்பு வெச்சிருக்காங்க, தானே குடிக்கறாங்க. அது குடுங்க. எங்கம்மா அதப் பாத்துட்டுத்தான் கேக்குது."

அவரை அடுத்து இன்னும் சிலர் வந்தார்கள். ராஜ்மோகன் மாயவனைக் கூப்பிட்டான். "பழசயே போட்டுடுங்கண்ணே."

"ஊத்தற அச்சு எல்லாம் தேஞ்சு குப்பைக்குப் போயிடுச்சு. தாய் அச்சும் இல்ல."

"இல்லன்னா?"

"வெட்டிட்டேன்."

ராஜ்மோகன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. "சரி. உங்க வூட்ல ஒண்ணு இருக்குமே, அத வெச்சு எடுத்துடுங்க" என்றான்.

மறுநாள் காலை டீ குடித்து முடித்ததும் பூவாயியே கப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துட்டுப் போங்க. நாலு பேரு குடிக்கட்டும். சாயங்காலம் கொண்டாந்துடுவீங்க இல்ல?"

"கொண்டாந்துடுவேன்."

"அப்ப சாயங்கால டீய நீங்க வந்தப்பறந்தான் குடிப்பேன். லேட்டு பண்ணாதீங்க."

வெந்த கப்பைச் சுற்றி அச்சு எடுப்பது பேஜாரான வேலை. வடிவத்தை மட்டும்தான் அதில் பிடிக்கலாம், சுருக்கத்தை அப்புறம் மண்ணில் கூட்டிக்கொள்ள வேண்டும். சோப்புத் தண்ணீரை இண்டு இடுக்கெல்லாம் பூசி, காதின் ஓட்டையை மண்ணால் அடைத்துவிட்டுப் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். இறுகும்போது அது சூடேறும். முழுக்க ஆறும் வரை தொடக்கூடாது. மாயவன் எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் மணி நாலைத் தாண்டிவிட்டது. வீட்டில் அவள் டீக்கு உட்கார்ந்திருப்பாள். பிளாஸ்டர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மரச்சுத்தியால் லேசாக ஒரு தட்டு தட்டினார். உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம். பிரித்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

காது மூன்று துண்டாகப் போயிருந்தது.

சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு வைக்கச் சொல்லியிருந்தாள்.

"எங்க?"

அவர் துண்டுகளை எடுத்து அவள் எதிரில் வைத்தார். பூவாயி குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் ஒரு துண்டை ஒதுக்கினாள்.

"ஒட்டு ஓரமாத்தான் போயிருக்குது. நான் சுரண்டித் தொடச்ச கப்பா இருந்தா போயிருக்காது" என்றாள். பிறகு, "வுடுங்க, அடுப்ப நிறுத்துங்க. தண்ணி வத்துது" என்றாள்.

பசை வாங்கி ஒட்டிப் பார்த்தார். சூட்டுக்கு விட்டுக்கொண்டு வந்தது.

கருவேப்பிலங்குறிச்சியில் கோவிந்தசாமி என்ற விவசாயி முதல் இருபது கப்பில் ஒன்றை வாங்கியது மாயவனுக்கு ஞாபகம் இருந்தது. கை நடுக்கம் உள்ள மனுஷன். போய்க் கேட்டு வாங்கி வந்துவிடலாம் என்று பஸ் ஏறினார். போனபோது கோவிந்தசாமி வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். கை ஆடியது, கப்பு ஆடியது, ஒரு சொட்டு சிந்தவில்லை.

"வாங்க வாங்க! நீங்கதான் பண்ணதா? மூணு வருஷம் கழிச்சி இப்பதாங்க எம் மருமவ மூஞ்சப் பாக்காம சோறு தண்ணி சாப்பிடறேன்."

மாயவன் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கப்பை வாங்கி நூலால் அளந்தார். உயரம், வாய், காதின் உள் அகலம். ஒன்றுக்கு மூன்று தடவை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அப்போது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. நூலின் அளவோடு சுருக்கத்தைக் கூட்டி மண்ணில் மாதிரி செய்து தாய் அச்சு ஊற்றினார். ஈரக் காற்றில் பிளாஸ்டர் காயவே இல்லை. காயாத அச்சு தண்ணீரைக் குடிக்காது. முதல் கப்பு காதோரம் கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது நின்றபோது கார்த்திகை தீபத்துக்கான விளக்குகளைச் சுட்டு முடித்திருந்தார்கள். இனி ஆர்டர் குறைவு. பாதிச் சூளைக்கு யாரும் நெருப்பு வைக்கமாட்டார்கள். மாயவன் தினமும் போய்ச் சூளைக்குள் எட்டிப் பார்ப்பார். மூன்று வாரம் பச்சைக் கப்பு பலகையில் கிடந்தது.

வீட்டில் பூவாயி டீயை நிறுத்தியிருந்தாள். குளிரில் விரல்கள் இன்னும் வீங்கின. கையை மடியில் கவிழ்த்து வைத்தே உட்கார்ந்திருந்தாள். பேச்சும் குறைந்தது. ஆஸ்பத்திரியில் அன்பரசி அவள் கையைப் பிடித்து நீட்டப் பார்த்தாள். முன்பு பாதி நீண்ட விரல் இப்போது கால்வாசிகூட நீளவில்லை.

"என்னாம்மா இது? இன்னும் அந்தக் கப்புலதான குடிக்கறீங்க?"

பூவாயி சுவரைப் பார்த்தாள். மாயவன்தான் சொன்னார். "ரெண்டு மாசமா இல்ல."

அன்பரசி அவள் கையை மெதுவாக விட்டாள். மருந்துச் சீட்டில் எதையோ எழுதினாள். மாயவனுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனாலும் அந்தப் பெண் நிமிராமல் எழுதியதிலேயே எல்லாம் தெரிந்தது.

மார்கழி பாதியில் சூளை பிரித்தார்கள். கப்பு கையில் இன்னும் சூடாக இருந்தது. வெள்ளை, பூ இல்லை. அடியில் பேர் இல்லை. மாயவன் இடுப்பிலிருந்து நூலை எடுத்து அளந்தார். உயரம் சரி. வாய் சரி. காதின் உள் அகலம் முடிச்சுக்கு முடிச்சு சரி. கோவிந்தசாமி வீட்டுக் கப்பும் இதுவும் ஒரு வயிற்றில் பிறந்த மாதிரி இருந்தன.

சைக்கிளை வேகமாக மிதித்து வந்து அவரே டீ போட்டார். சர்க்கரை தூக்கலாகப் போட்டார். முக்கால் வரை ஊற்றி அவள் முன்னால் வைத்தார்.

பூவாயி நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். கப்பைப் பார்த்ததும் முகத்தில் பழைய களை ஒரு நிமிஷம் வந்தது. வலது கையைக் கொண்டுபோனாள். ஆள்காட்டி விரல் நுழைந்தது. அடுத்த விரலின் கணு காதில் இடித்தது. கையைத் திருப்பினாள். கீழேயிருந்து பார்த்தாள். இடது கையால் வலது கையைத் தள்ளினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் தள்ளினாள். டீ தளும்பிப் பாயில் சிந்தியது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சின்னதாப் போட்டுட்டீங்க" என்றாள்.

மாயவன் இடுப்பு நூலைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"ஆமா புள்ள. மண்ணு சுருங்கிப் போச்சு."

பூவாயி அவரைப் பார்த்தாள். நாளுக்கு நானூறு கப்பு கைவழியாகப் போனவள். எந்த மண் எவ்வளவு சுருங்கும் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. மாயவன் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை என்பதும் தெரியும்.

"மழக்காலத்து மண்ணு" என்றாள். "அப்படித்தான் இருக்கும்."

"அடுத்த சூளைக்குப் பெருசாப் போடறேன்."

"போடுங்க."

அவர் எழுந்து போய் ஸ்பூனை எடுத்து வந்தார். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கப்பிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து ஊதினார். பூவாயி இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. வாயைத் திறந்தாள்.

"சக்கர சரியா இருக்குதா?"

அவள் விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினாள். மாயவன் அடுத்த ஸ்பூனை எடுத்தார். அன்று பேட்டைக்குத் திரும்பிப் போக அவருக்கு வெகுநேரமாயிற்று.